தென்னூர் மாடியில் கொஞ்சம் லத்தீன்

ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என்பது, வந்தவர்கள் வாயைத் திறக்கிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருக்கிற தொழில். தென்னூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் என் வகுப்பு நடக்கிறது. கீழே பன் வேகும் வாசனை எழும்பி வருகிற நேரத்தில் இறந்தகாலம், எதிர்காலம் எதுவும் யார் மண்டையிலும் ஏறாது.

பன் வாசனையையாவது ஜன்னலைச் சாத்தித் தடுக்கலாம். இங்கிலீஷுக்குள் குடியிருக்கிற லத்தீனை என்ன செய்வது? எட்செட்ரா, ஏ.எம்., பி.எம்., ஈ.ஜி., ஆர்.ஐ.பி. என்று பாதிக்குமேல் புள்ளி வைத்துக்கொண்டு வருகிற கூட்டம் அது. நீங்களும் என்னைப் போலத்தான் இருந்திருப்பீர்கள். பார்த்ததும், புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த வார்த்தைக்குத் தாவியிருப்பீர்கள். என்னிடம் படிக்க வருகிறவர்கள் தாவ மாட்டார்கள். நின்று, "இது என்ன டீச்சர்?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்கள் சிலரைப் பற்றித்தான் இது.

எட்செட்ராவுக்குள் என்ன இருக்கிறது?

செல்வி, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறார். கடையில் சூப்பர்வைசர் இடம் காலியானது. வெளிநாட்டிலிருந்து கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வருகிறவர்களிடம் இங்கிலீஷில் பேசத் தெரியவேண்டும் என்று நிபந்தனை. டிகிரி படித்தவர்கள் இரண்டு மூன்று பேர் வெளியிலிருந்து வந்திருந்தார்கள். முதலாளியின் மகன்தான் கேள்வி கேட்டவர். "உனக்கு என்னென்ன வேலை தெரியும்?" என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். செல்வியும் இங்கிலீஷிலேயே, "பில்லிங், ஸ்டாக், டிஸ்ப்ளே, எட்செட்ரா" என்று சொல்லியிருக்கிறார். முந்தின நாள்தான் வகுப்பில் அந்த வார்த்தையை நடத்தியிருந்தேன். "மற்றதெல்லாமும்" என்று அர்த்தம், வார்த்தை வராத இடத்தில் கைகொடுக்கும் என்றும் சொல்லிவைத்திருந்தேன்.

முதலாளி மகன் விடவில்லை. "எட்செட்ரான்னா என்ன? அதைச் சொல்லு" என்று தமிழுக்கு வந்துவிட்டார். செல்வி ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா எடுத்த கலர் கல்யாணப் பொண்ணுக்குப் பிடிக்காமல் பேசாமல் நிற்கும்போது, கேட்காமலே வேறொன்றைப் பிரித்துப் போடுவது. அண்ணியும் நாத்தனாரும் ஒரே சேலையில் கை வைத்தால் சண்டை வராமல் பார்ப்பது. துவைத்தால் சாயம் போகும் என்பதை வாங்குகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது. சொல்லி முடித்துவிட்டு, வேலை கிடைத்தாலும் சரி, போனாலும் சரி என்று கடைசியாக ஒன்று சொன்னார். சூப்பர்வைசர் ஆன மறுநாள் என்னிடம் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக்காட்டினார்:

"அந்த எட்செட்ராவுலதான் சார் உங்க கடையே ஓடுது."

பொங்கலில் வந்த வம்பு

ஸ்ரீரங்கத்து வரதன் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். கல்யாணம், சீமந்தம் என்று பழக்கப்பட்டவருக்கு முதன்முறையாக ஒரு கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் மெயில் வந்தது. தினமும் காலை டிபன் வேண்டும், "வெஜிடேரியன், ஈ.ஜி. பொங்கல், வடை" என்று எழுதியிருந்தார்கள். ஈ.ஜி. என்றால் லத்தீனில் "உதாரணமாக" என்று அர்த்தம். வரதன் அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்தே படித்துவிட்டார். எக் பொங்கல்! வடக்கே சில பேர் முட்டையையும் சைவத்தில் சேர்ப்பார்களாமே, அந்த மாதிரி கம்பெனி போல என்று நினைத்துக்கொண்டார்.

வேறு யாராக இருந்தாலும் போன் போட்டுக் கத்தியிருப்பார்கள், அல்லது ஆர்டருக்காக வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். இவர் மரியாதையாக, தப்பில்லாத இங்கிலீஷில், தன்னால் இயலாது என்று பதில் அனுப்பிவிட்டார். கம்பெனி மேனேஜர் சிரித்து மாளாமல் போன் செய்து விளக்கினாராம். இவ்வளவு ஒழுங்காக மறுக்கிற ஆள் சமையலையும் ஒழுங்காகத்தான் செய்வார் என்று ஆர்டரையும் அவருக்கே கொடுத்துவிட்டார். "நீங்க என்னதான் எழுதினீங்க?" என்று வரதனைக் கேட்டேன்.

"பெருமாளுக்குத் தளிகை பண்ற கை மேடம் இது, முட்டைப் பொங்கல் கிண்ட வராது, க்ஷமிக்கணும்னு எழுதினேன்."

வெள்ளிக்கிழமை எப்போது பிறக்கிறது?

பொன்னம்மாள் வையம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். மகள் சிங்கப்பூரில் நிறைமாதக் கர்ப்பிணி. மருமகனைத் தவிர அங்கே வேறு துணை கிடையாது. பிரசவத்துக்குத் தனியாக விமானம் ஏறிப் போகவேண்டும் என்பதால், தென்னூரில் தங்கை வீட்டில் தங்கி என்னிடம் படிக்க வந்தார். எதையும் பயப்படாமல் கேட்பார். தப்பாகப் பேசினால் அவரே முதலில் சிரிப்பார்.

ஒரு வியாழக்கிழமை காலை ஏ.எம்., பி.எம். நடத்திக்கொண்டிருந்தேன். லத்தீனில் உச்சிவேளைக்கு முன், உச்சிவேளைக்குப் பின் என்று அர்த்தம், இங்கிலீஷ்காரனுக்கு நடுராத்திரியே மறுநாள் பிறந்துவிடும் என்றேன். பொன்னம்மாள் எழுந்து நின்றார். "டீச்சர், வெள்ளிக்கிழமை பன்னெண்டு நாப்பது ஏ.எம்.னா எப்ப?" இன்றைக்கு ராத்திரி என்றேன். அவர் டிக்கெட்டில் அதுதான் இருந்தது. நமக்கெல்லாம் விடிந்தால்தானே வெள்ளிக்கிழமை? வெள்ளி ராத்திரி சாப்பிட்டுவிட்டு விமானநிலையம் போகலாம் என்று குடும்பமே முடிவு செய்து வைத்திருந்தது. பெட்டி இன்னும் வையம்பட்டியில் இருந்தது.

நான்தான் பதறினேன். அவர் உட்காரக்கூட இல்லை, அங்கேயே நின்றபடி வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். "ஏங்க, பிளேன் இன்னிக்கே. பிரசவ மருந்து டப்பா அடுப்பு மேல பலகையில இருக்கு, அதை முதல்ல எடுத்து வைங்க. பக்கத்து வீட்ல மாட்டைப் பாத்துக்கச் சொல்லிட்டு பஸ்ஸைப் பிடிங்க." பொழுது சாயும்முன் வீட்டுக்காரர் பெட்டியோடு தென்னூரில் வந்து இறங்கிவிட்டார். பொன்னம்மாளோ காலையில் மீதி வகுப்பையும் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். அடுத்த வாரம் சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது. எடுத்ததும் நல்ல சேதிதான்.

"பேத்தி பொறந்துட்டா டீச்சர், ஆறு பத்துக்கு. ஏ.எம்.மா பி.எம்.மான்னு நர்ஸம்மாகிட்ட இங்கிலீஷ்லயே கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன்."

மூன்று எழுத்து போதாது

சம்பத் ஸ்ரீரங்கத்துக்காரர். டவுனில் ஒரு ஆபீசில் வேலை. பக்கத்து மேஜை ஆன்டனியும் அவரும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூட்டாளிகள். மத்தியானம் ஆன்டனிக்குத் தயிர்சாதத்தில் பாதி கொடுத்தால்தான் சம்பத்துக்குச் சாப்பாடு இறங்கும். அந்த ஆன்டனி திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். மறுநாள் காலை சம்பத் வகுப்புக்கு வந்து, ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவைக் காட்டினார். வரிசையாக ஆர்.ஐ.பி., ஆர்.ஐ.பி. "இதுக்கு முழுசா என்ன மேடம்?" என்றார்.

"அமைதியில் இளைப்பாறட்டும்" என்று அர்த்தம் சொன்னேன். லத்தீனையும் சொல்லிக்கொடுங்கள் என்றார். பாலக்கரையில் தெரிந்த பாதிரியார் ஒருவரிடம் போனில் உச்சரிப்பைக் கேட்டு, "ரெக்வியெஸ்காத் இன் பாச்சே" என்றேன். சின்ன வயதிலிருந்து பாசுரம் கேட்டுப் பழகிய காது அது. ஒருமுறை கேட்டதுமே குறில் நெடில் பிசகாமல் திருப்பிச் சொன்னார். மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னார்.

கல்லறைத் தோட்டத்துக்கு என்னையும் கூடவே வரச்சொன்னார். ஜெபம் முடிந்து எல்லோரும் மண் போட்டார்கள். சம்பத் நெற்றியில் திருமண்ணோடு குழி ஓரத்தில் நின்று, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஆன்டனியின் மனைவி நிமிர்ந்து பார்த்துக் கைகூப்பினார். திரும்பி வரும்போது, கூட வேலை பார்க்கிற ஒருவர், "எல்லாரும் ஆர்.ஐ.பி.ன்னு போட்டோம், நீங்க மட்டும் எதுக்கு சார் முழுசா மனப்பாடம் பண்ணீங்க?" என்று கேட்டார். சம்பத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்காத்துல ஒருத்தர் போனா, திருநாட்டுக்கு எழுந்தருளினார்னு வாய் நிறையச் சொல்லுவோம். என் ஆன்டனிக்கு மட்டும் மூணு எழுத்தோட நிறுத்திக்கலாமா?"

வைஸ் வெர்சா

கவிதாவும் ரமேஷும் புருஷன் பெண்டாட்டி. வீட்டில் கைக்குழந்தை. அதனால் ஒருநாள் அவர் வருவார், இவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். மறுநாள் இவர் வருவார். சாயங்காலம், வந்தவர் வராதவருக்குப் பாடம் எடுப்பார். தினமும் வருகிறவர்களே திணறுகிற இடத்தில் இவர்கள் இரண்டு பேரும் ஒரு பாடம்கூடப் பின்தங்கியதில்லை. "மாற்றிப் போட்டாலும் அப்படியே" என்று அர்த்தம் சொல்லி, "வைஸ் வெர்சா"வை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். கவிதா யோசிக்கவே இல்லை. அவர் கிளாசுக்கு வந்தால் நான் சமைக்கிறேன், வைஸ் வெர்சா என்று இங்கிலீஷில் அழகாகச் சொல்லிவிட்டு, தமிழில் ஒன்றைச் சேர்த்தார்.

"ஆனா வைஸ் வெர்சா அன்னிக்குத்தான் டீச்சர் எங்க வீட்ல ரசம் நல்லா இருக்கும்."

லத்தீன் செத்துப்போன மொழி என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் சொல்கிறார்கள். என்னிடம் படிப்பவர்களுக்கு அந்தத் துக்கச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை, நானாகப் போய்ச் சொல்வதாகவும் இல்லை.