அப்பாவின் ஜீப் மேடேறிய நாள்

எங்கள் ஜீப் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு வருகிறது என்பதைத் தூரத்துப் புகையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பெட்ரோலுக்குச் சரியாக ஆயிலையும் குடிக்கிற இன்ஜின் அது. மலைப்பாதையின் கடைசி வளைவில் ஆட்களோடு ஏறாது. எல்லோரும் தாமாகவே இறங்கி, ஊர்க்கதை பேசியபடி மேடேறி, மேலே போய் மறுபடி உட்கார்ந்துகொள்வார்கள்.

திருப்பத்தூர் மெக்கானிக் மூன்று வழி சொன்னார். பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றினால் மழைக்காலம் வரை ஓடும். சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டால் பல வருஷம் ஓடலாம், ஓடாமலும் போகலாம். இல்லையென்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜின் வைக்கலாம். டீசல்தான் வேண்டும் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

"இன்னாண்ணா, பொணத்துக்குப் பூ வெக்கிறியா?"

"நம்ம மலைய தெரிஞ்ச இன்ஜின்டா அது. கடைஞ்சு போட்டா ஏறும். ஏறலன்னா வண்டிய வித்துட்டு எவங்கிட்டயாவது டிரைவரா போய்டறேன்" என்றார் அப்பா.

அன்று அம்மா சாப்பிடவில்லை.

இன்ஜின் சரியாகி வந்தும் நிம்மதி இல்லை. புது பிஸ்டன் பழகும்வரை சுமை ஏற்றாமல் மெதுவாக ஓட்ட வேண்டுமாம். அப்பா வெறும் வண்டியை உருட்டிக்கொண்டிருந்தார். மாட்டுவண்டிக்கு வழிவிடச் சொல்லிச் சித்தப்பா கிண்டலாகக் கத்துவார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம்.

கடைசியில் ஒரு சந்தை நாளில் வண்டி நிறைய ஆட்களும் அரிசி மூட்டைகளுமாகக் கிளம்பினோம். கடைசி வளைவு வந்ததும், பழக்கதோஷம், அத்தனை பேரும் பொத்துப்பொத்தென்று குதித்துவிட்டார்கள்! அப்பா பதறிப்போய் பிரேக் பிடித்தார்.

"ஏறுங்க! இன்னிக்கு யாரும் எறங்க வேணாம்!"

"பரவால்ல, நீ போப்பா. நாங்க நடந்தே வர்றோம்" என்றார் ஒரு பெரியவர்.

பின்சீட்டில் வந்த சித்தப்பா மட்டும் குதிக்காமல் உட்கார்ந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, "நான் எறங்க மாட்டேன். எங்கண்ணன் வண்டி ஏறும்" என்றார். ஒவ்வொருவராகத் திரும்பி வந்து ஏறினார்கள்.

நின்ற இடத்திலிருந்தே, முழுச் சுமையோடு, வண்டி வளைவைச் சுற்றி மேலேறியது. திணறவில்லை, புகையவில்லை. அப்பா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் தொண்டை கட்டுகிற வரை கத்தினேன். அவ்வளவு பெருமை!

மேலே அப்பா எல்லோருக்கும் பலாப்பழம் வாங்கினார். சுளைகளைப் பங்கு போட்டது நான். சித்தப்பாவுக்கு மட்டும் வேண்டுமென்றே கொடுக்கவில்லை. அவரோ கண் கலங்க அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தோற்றுப்போனவருக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.