அண்ணாச்சி வயலில் தங்கிய என் மண்

இன்று காலை பெய்த மழையில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் செம்மண் தண்ணீர் ஓடியது. காவல்காரர் அதைத் துடைப்பத்தால் சாக்கடைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். ஈர மண் வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய பயம் ஒன்று திரும்பி வந்தது. நான் எதற்கும் பயப்படுகிற ஆள். எட்டாம் வகுப்போடு நின்றதே கணக்குப் பரீட்சைக்குப் பயந்துதான்.

பல வருஷங்களுக்கு முன்னால், தெலுங்குச் சீமையில் இந்த ராமச்சந்திராபுரம் ஃபாக்டரியில் நான் ஹெல்ப்பர். டவுன்ஷிப்புக்குப் பின்னால், இப்போது இந்த அபார்ட்மெண்ட் நிற்கிற இதே சரிவில் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சோளம் போட்டிருந்தேன். எனக்குக் கீழ்ப்பக்கத்து நிலம், கூட வேலை பார்த்த திருநெல்வேலி அண்ணாச்சிக்கு. பாம்புக்குப் பயந்து நான் வரப்பை மொட்டையாகச் செதுக்கி வைத்திருப்பேன். அவரோ வயலுக்கு நடுவே, சரிவுக்குக் குறுக்காக வரப்பு போட்டு, இடுப்பளவு புல் வளரவிட்டிருந்தார். மழை பெய்தால் என் மேல்மண் கரைந்து இறங்கும்; அவர் புல்லில் தடுக்கி அங்கேயே தங்கிவிடும். என் சோளம் முழங்காலுக்கு நின்றபோது அவருடையது ஆளை மறைத்தது.

"அது என் மண்ணு அண்ணாச்சி" என்றேன், சிரிக்கிற மாதிரி.

"எடுத்துட்டுப் போவும்வே. கூடை தரட்டுமா?"

வீட்டில் புலம்பினால், இந்த ஊர் மெட்டுகுடாவிலேயே பிறந்து வளர்ந்து உருது கலந்து பேசும் என் மனைவி, "நக்கோங்க, வேணாங்க இந்தப் பொலம்பல். நீங்களும் புல்லு விடுங்க" என்பாள்.

"பாம்பு வந்துட்டா?"

"ஹவ், பாம்பு உங்களத்தான் தேடிட்டிருக்கு!"

மண்ணைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கௌதாரிகளைத்தான் பொறுக்க முடியவில்லை. விடியற்காலையில் அவர் வரப்பிலிருந்து ஜோடியாகக் கூவும். என் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஃபாக்டரி பஸ்ஸில் அண்ணாச்சி அவற்றைப் பற்றிப் பேசும்போது, மகனுக்கு வேலை கிடைத்தவர் மாதிரி இருக்கும்.

ஒருநாள் அவர் காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தபோது மண்வெட்டியோடு இறங்கினேன். பாம்புக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அவர் வரப்பை வேரோடு செதுக்கினேன். காலடியிலிருந்து ஒரு கௌதாரி படபடவென்று எழுந்தது. கீழே ஐந்து முட்டைகள். வெட்டிய புல்லை அவற்றின் மேல் போட்டு மூடிவிட்டு ஓடிவந்தேன். அது திரும்ப வரவேயில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி வந்து வரப்பைப் பார்த்தார்.

"உம்ம வரப்பு மாதிரியே இருக்கேவே" என்றார். அவ்வளவுதான்.

அடுத்து வந்த பெருமழையில் அந்த வெறும் வரப்பு உடைந்தது. என் மண்ணும் அவர் மண்ணும் சேர்ந்தே சரிவுக்குக் கீழே இருந்த ஓடைக்குப் போயின.

அண்ணாச்சி ரிட்டயராகி ஊருக்குப் போனார். வரப்பைச் செதுக்கியது நான்தான் என்று கடைசிவரை அவரிடம் சொல்லவேயில்லை. சரிவு முழுக்க இப்போது அபார்ட்மெண்டுகள். கௌதாரி இல்லை. அந்த ஓடைதான் காவல்காரர் செம்மண் தண்ணீரைத் தள்ளுகிற இந்தச் சாக்கடை. வாசலில் ஓடுவது என் மண் என்று சொன்னால், கூடை தரட்டுமா என்று கேட்க ஆளில்லை.