ஆரியசாலை மாடியில் மூன்று ஆட்டம்

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. அன்று அந்த மாடியில் நின்றவள் நான். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

எனக்கு ஊர் மலேசியாவில் கிள்ளான். ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்கேன் மெஷின் பொருத்தித் தரும் வேலை. வருஷத்தில் பாதி நாள் வெளிநாட்டு ஹோட்டல் அறைகளில்தான். எந்த ஊருக்குப் போனாலும், மேஜையில் பந்துகளைக் கோலால் அடித்துக் குழியில் தள்ளும் பூல் ஹால் ஒன்றைத் தேடிப் பிடித்துவிடுவேன். அங்கே யாரும் 'ஏன் தனியாக வந்தாய்?' என்று கேட்பதில்லை. கோலைக் கையில் எடுத்தால் எதிரே ஒரு ஆள் கிடைத்துவிடும். ஒரு மணி நேரத்துக்குத் துணை.

திருவனந்தபுரத்தில் எனக்குக் கிடைத்த ஹால், ஆரியசாலையில் ஒரு மொத்த மிளகாய்க் கடைக்கு மேலே இருந்தது. இரண்டே மேஜை. நடத்துவது சுசீலாபாய் அக்கா. நாலு நாள் போனேன். ஐந்தாம் நாள் ஹர்த்தால்.

"நாளைக்கு ஒண்ணும் திறக்காது, கேட்டியளா. ரூம்லயே இருங்க," என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்.

இருக்க முடியவில்லை. மூன்றரை மணிக்குக் கிழக்கேகோட்டைப் பக்கம் நடந்தேன். பஸ் இல்லை. டீக்கடை இல்லை. காலையிலிருந்து யாரிடமும் வாய் திறந்து பேசவில்லை. கால் தானாக ஆரியசாலைக்குத் திரும்பியது.

மிளகாய்க் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துப் படிக்கட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது. மேலே... டக். பந்தோடு பந்து மோதும் சத்தம்.

மணி 3.52. ஏறினேன்.

நாற்பது வயதுக்காரர் ஒருவர் நின்றார். ஒல்லி. வெள்ளைச் சட்டை. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.

"வாங்கக்கா. ஒரு களி பாக்கலாமா?"

அந்த ஊரில் ஆட்டத்தைக் களி என்பார்கள். எனக்கு அழுகை வரும் அளவுக்குச் சந்தோஷம். ஆடினோம். நான் ஜெயித்தேன்.

"ஒரு களி கூடி, அக்கா." இன்னும் ஒரு ஆட்டம் கேட்டார்.

இரண்டாவது ஆட்டத்தில்தான் கவனித்தேன். மின்விசிறி ஓடவில்லை. என் உடம்பு வியர்வையில் நனைந்திருந்தது. அவர் சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

கோல் வழுக்கிக்கொண்டு ஓட நான் கையில் பவுடர் பூசியிருந்தேன். மேஜை விளிம்பெல்லாம் அந்தப் பவுடர் சிதறிக் கிடந்தது. அதில் என் கைத்தடம் இருந்தது. அவர் ஊன்றிய இடத்தில் பவுடர் கலையவே இல்லை.

பிறகு அந்தச் சத்தம். அவர் அடித்தால் பந்து முதலில் ஓடும். டக் என்ற ஒலி... கொஞ்சம் தாமதித்து வரும்.

மணி 5.04.

"இதுதான் கடைசி," என்றேன்.

அவர் பந்துகளை அடுக்கினார்.

மூன்றாவது ஆட்டத்தில் கறுப்புப் பந்து மட்டும் மிஞ்சியது. அதைக் குழியில் தள்ளினால் ஆட்டம் முடிந்தது. குழி வாயிலேயே நின்றது. அவர் முறை. குனிந்தார். பந்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார்.

என் முறை. தவறவிட்டேன்.

மறுபடியும் தள்ளிவிட்டார்.

மறுபடியும்.

"ஏன் உள்ளே அடிக்கமாட்டேங்கிறீங்க?"

"அடிச்சா நீங்க போயிருவியள்லா."

தலை நிமிராமல் சொன்னார்.

கோலைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஏனோ... முதுகைக் காட்டப் பயம். குறி பார்த்தேன். என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். காலடிச் சத்தம் இல்லை. மூச்சும் இல்லை.

அடித்தேன்.

கறுப்பு விழுந்தது.

திரும்பினேன்.

யாரும் இல்லை...

மணி 5.31. எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சுசீலாபாய் அக்காவிடம் போனேன். ஆளின் அடையாளத்தைச் சொன்னேன். தழும்பு என்றதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இசக்கிப்பாண்டி. இங்க பந்து அடுக்கிக் குடுக்க நின்னவன். கொரோனா சமயம் ஊருக்குப் போக வழியில்லாம மேலயே தங்கினான். ஒத்தைக்கு. ஜுரம் வந்தது யாருக்கும் தெரியல. நாங்க பதினோரு நாள் கழிச்சுத் திறக்கும்போது..."



"ஆனா அக்கா, நாங்க மூணு ஆட்டம் ஆடினோமே," என்றேன்.

என்னையே பார்த்தார்.

"எதை வெச்சு ஆடினியளோ? சாத்தின நாள்ல மேல சத்தம் கேக்குன்னு கீழ்க்கடைக்காரரு பயப்படுவாரு. அதனால பந்து பூராவும் வீட்டுக்குக் கொண்டு போயிருவேன். நேத்து முழுக்க எல்லாப் பந்தும் என் கட்டிலுக்கு அடியிலயாக்கும் இருந்துச்சு."