குணவதி டீச்சரின் காலை விசாரிப்பு

புதன்கிழமை காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது பெருமாளிடமிருந்து போன் வந்தது. பெருமாள், ஒரே பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த என் தோழி குணவதி டீச்சரின் கொழுந்தனார். அந்த வீட்டிலிருந்து விடிந்ததும் விடியாததுமாகப் போன் வந்தால் என்ன செய்தியாக இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு பயம் உண்டு. டீச்சரின் கணவர் அழகர்சாமி அண்ணனுக்குச் சிறுநீரகம் செயலிழந்து வருடங்கள் ஆகின்றன. அதனால் போனை எடுத்ததுமே, "அண்ணனுக்கு என்னப்பா ஆச்சு?" என்றுதான் கேட்டேன்.

"அண்ணனுக்கு இல்ல டீச்சர். மதினிதேன் போயிட்டாக. ராத்திரி நல்லாத்தேன் படுத்தாக. காலையில எந்திரிக்கல."

காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன். எமன் ஆள் மாறி வந்துவிட்டான் என்று ஆட்டோவில் போகும்போது வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

டீச்சரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாணார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் தையல் டீச்சர், நான் தமிழ் டீச்சர். இருவருக்கும் வீடு திண்டுக்கல்லில். பஸ்ஸில் நசுங்கிப் போய் வந்துகொண்டிருந்த காலத்தில், ஒருநாள் அவர் ஒரு பழைய டீசல் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். ஏற்கெனவே இரண்டு கை மாறி, ஊரெல்லாம் ஓடிக் களைத்த வண்டி. பள்ளிக்கூடத்தில் சிரிக்காதவர்கள் இல்லை. "டீச்சர், இது ஓடுமா, தள்ளணுமா?" என்று கேட்டவள் நான்தான். "ஏறுங்க, போற வழியில பேசிக்கிருவோம்" என்றார். அன்று ஏறியவள் ஓய்வு பெறும்வரை வேறு வண்டி தேடவில்லை.

காலையில் அந்த வண்டியை எடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. அதற்கு 'விசாரிப்பு' என்று பெயர் வைத்திருந்தார். முந்தின நாள் மாலையே இன்ஜினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிடுவார். காலையில் அதில் சொட்டியிருப்பதைக் குனிந்து பார்ப்பார். கறுப்பாக இருந்தால் ஆயில், பச்சையாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர். சொட்டு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால் அன்று மாலையே பேகம்பூரில் இஸ்மாயில் பாயின் ஒர்க் ஷாப்பில் வண்டி நிற்கும். "எல்லாரும் பேப்பர்ல ஊர்ச் சேதி படிக்கிறாக. நான் எங்க வீட்டுச் சேதி படிக்கிறேன்" என்பார்.

அடுத்து பானெட்டைத் திறப்பார். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்து, அதிலுள்ள இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் நிற்கிறதா என்று பார்ப்பார். தண்ணீர், பிரேக் ஆயில், பெல்ட், பிறகு நான்கு டயரையும் ஒரு சுற்று. ஆயில் துடைக்கிற துணி சின்னாளப்பட்டிச் சேலையில் வெட்டிய துண்டு. அதற்கும் ஓரம் அடித்து வைத்திருப்பார். தையல் டீச்சர் அல்லவா, எண்ணெய்த் துணியில்கூடப் பிசிறு தெரிந்தால் பொறுக்காது. நான் கைப்பையோடு நின்று பொருமுவேன்.

"டீச்சர், பிரேயருக்கு மணி அடிச்சிருவாங்க."

"செத்த நேரம் பொறுங்க டீச்சர். வயசான வண்டி. கொஞ்சம் எண்ணெய் குடிக்கும், குடிச்சுட்டுப் போகட்டும். எம்புட்டுக் குடிக்குதுன்னு நமக்குத் தெரிஞ்சாப் போதும்."

வண்டி ஓடும்போது ரேடியோ போடவும் விட மாட்டார். "எந்த வண்டியும் திடீர்னு நிக்காது. முன்னாடியே முனகும். நாமதேன் பாட்டைக் கூட்டி வச்சிருப்போம்" என்பார். அதனால் சாணார்பட்டிக்குப் போகும் வழி முழுக்க நாங்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் போனோம். சினிமாப் பாட்டுப் பிரியையான எனக்கு அது ஒரு தண்டனை.

நாங்கள் ஓய்வு பெற்ற பிறகுதான் அண்ணனுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள். அப்போது திண்டுக்கல்லில் இடம் கிடைக்காமல் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு உள்ளூரிலேயே இடம் கிடைத்தபோது அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார். மதுரை நர்ஸுகளின் கை பழகிவிட்டதாம். "அவருக்கு அங்க ஊசி வலிக்கலையாம். போய்ட்டு வாரேன், எனக்கென்ன" என்று டீச்சர் காரை எடுத்தார். சின்னாளப்பட்டி, கொடைரோடு, மதுரை என்று அந்தச் சாலை அவருக்கு வீட்டு நடை மாதிரி ஆகிப்போனது.

சென்னையில் இருக்கும் மகன் புது வண்டி வாங்கித் தருகிறேன் என்று போன் போட்டபடி இருந்தான். மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போகிறீர்களே என்று அவனுக்கு ஆதங்கம். டீச்சர் சொன்ன பதில் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. "தம்பி, இந்த வண்டியோட நோவெல்லாம் எனக்குத் தெரியும். புது வண்டியோட குணம் தெரிஞ்சுக்கிறதுக்கு எனக்கு எங்க நேரம்? உங்கப்பாவ வச்சுக்கிட்டு நான் சோதிச்சுப் பார்க்க முடியாது."

இஸ்மாயில் பாய் நல்ல மனிதர், சிக்கனமாகச் செலவு வைப்பவர். "இந்த பெல்ட் இன்னுங் கொஞ்ச நாளைக்குத் தாங்கும் டீச்சரம்மா" என்று அவர் சொன்னபோது டீச்சர் சொன்னார்: "அறுந்தப்புறம் மாத்துனா அதுக்குப் பேரு பராமரிப்பு இல்ல பாய், கருமாதி. இப்பவே மாத்திருங்க." அன்று பாய் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் விழுந்துவிட்டது.

இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்த வண்டி ஒரே ஒரு முறை கிளம்பாமல் நின்றது. அது ஆயுத பூஜைக்கு மறுநாள், வியாழக்கிழமை. பூஜையன்று வண்டியைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டதெல்லாம் பெருமாள். பக்தி மிகுந்தவர். வெளியே மட்டும் படைத்தால் போதுமா, உயிர் இன்ஜினில் அல்லவா இருக்கிறது என்று பானெட்டைத் திறந்து உள்ளேயும் ஒரு பிடி பொரியும் கடலையும் போட்டு மூடியிருக்கிறார். இரவு எலிகள் வந்து பிரசாதம் சாப்பிட்டன. சாப்பிட்ட வாயோடு வயரையும் கடித்துவிட்டுப் போய்விட்டன.

பண்டிகை நாளில் வாடகைக் கார் ஒன்றும் கிடைக்கவில்லை. "டீச்சர், கைத்தாங்கலா ஒரு ஆள் வேணும், வாரீகளா?" என்று கூப்பிட்டார். போனேன். மதுரை பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அண்ணனுக்குக் கால் வீங்கியிருந்தது. கொடைரோடு வருவதற்குள் அவருக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்துவிட்டது. டீச்சர் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, எலி பொரி தின்ற கதையைச் சொல்லி அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

அண்ணனை உள்ளே அழைத்துப் போன பிறகு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒன்றுதான். "ஒரு பிடி பொரி டீச்சர். ஒரு பிடி பொரியில இவரை விட்டிருப்பேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது பெருமாள் வாசலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். டீச்சர் அவரை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. "விடுங்க தம்பி, எலிக்கும் ஆயுத பூஜைதேன். அடுத்த வருசம் வண்டிக்குப் பொட்டு மட்டும் வைப்போம், பொரிய நாம திம்போம்" என்றார்.

மறுநாளிலிருந்து விசாரிப்பில் ஒன்று கூடியது. பானெட்டைத் திறப்பதற்கு முன் விரல் முட்டியால் அதைத் தட்டி, "யாராச்சும் இருக்கீகளா?" என்று கேட்பார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிற மரியாதையோடு கேட்பார். உள்ளே எலி இருந்தால் ஓடட்டும் என்பதற்காகத்தான். ஆனால் முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அண்ணன், "ஒருத்தரும் இல்ல, நீ வா" என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வார். வியாதிக்கார வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதற்கு நான் சாட்சி.

புதன்கிழமை மாலை டீச்சரை எடுத்தார்கள். வந்த மாலைகள் மிகுந்துபோய், யாரோ இரண்டை அந்தக் காரின் மேலும் போட்டிருந்தார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. அண்ணன் மதுரைக்குப் போக வேண்டிய நாள். காலையில் நான் போனபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சென்னையிலிருந்து வந்திருந்த மகன் கெஞ்சிக்கொண்டிருந்தான். காரியம் முடியாமல் வீட்டை விட்டுக் கிளம்பலாமா என்று உறவுக்காரப் பெரியவர் ஒருவர் இழுத்தார். அண்ணனுக்கு அந்தச் சாஸ்திரமெல்லாம் காதில் விழவே இல்லை. "நான் போகல. கூட்டிட்டுப் போறவளே போயிட்டா. என்னை விட்டுருங்க" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். ஒரு முறை தவறினாலும் ஆபத்து என்றார். நானும் பேசினேன். காலமெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. எதுவும் எடுபடவில்லை.

அந்த நேரத்தில் வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. பெருமாள் நேராகப் போய் வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருகியிருந்தார்.

அண்ணன் படுக்கையை விட்டு எழுந்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஏலே பெருமாளு! அமத்துடா! விசாரிக்காம எடுக்குறியா? அவ இருந்தா விடுவாளாடா உன்னைய?"

பெருமாள் அமர்த்திவிட்டு இறங்கி நின்றார். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை.

அண்ணன் காரின் முன்னால் போய் நின்றார். மாலைகளை எடுத்து மகன் கையில் கொடுத்தார். பிறகு விரல் முட்டியால் பானெட்டைத் தட்டினார். "யாராச்சும் இருக்கீகளா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, முன் சீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தச் சீட் காலியாக இருந்தது.

பெருமாள் பானெட்டைத் திறந்து பிடித்துக்கொள்ள, இடுக்கில் விழுந்திருந்த பூவிதழ்களை அண்ணன் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். "செத்த நேரம் ஆயில் கீழ இறங்கட்டும்" என்று காத்திருந்தார். கதவுப் பையிலிருந்து ஓரம் அடித்த துணியை எடுத்துக் குச்சியைத் துடைத்து, விட்டு எடுத்தார். "ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கு" என்றார். யாரிடம் சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியும். துணியை நான்காக மடித்து வைத்துவிட்டு, போய்த் தன் வழக்கமான சீட்டில் உட்கார்ந்தார். பெருமாள் வண்டியை எடுத்தார். ரேடியோ போடவில்லை.

கார் தெருமுனை திரும்பிய பிறகு பார்த்தால், அது நின்ற இடத்தில் செய்தித்தாள் கிடந்தது. செவ்வாய்க்கிழமை மதுரையிலிருந்து திரும்பியதும் டீச்சர் விரித்தது. அதன் பிறகு அதை எடுத்துப் பார்க்க அவருக்குக் காலை விடியவில்லை. நான் குனிந்து எடுத்துப் பார்த்தேன். அத்தனை வருடம் பக்கத்தில் நின்று பொருமியதில் எனக்கும் கொஞ்சம் படிக்கத் தெரியும்.

வழக்கமான சொட்டுதான் டீச்சர், பெரிதாகவில்லை. அண்ணன் மதுரைக்குப் போய்விட்டார். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.