மந்தைவெளியில் கம்பளிக் கோட்டு

மர்சலின் டீச்சர் உண்மையில் டீச்சரே இல்லை. குன்னூர்ப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய ஆங்கிலோ இந்தியப் போர்டிங் பள்ளி ஒன்றில் முப்பது வருஷம் மேட்ரனாக இருந்தவர். ரயில்வேக்காரர், தந்தி ஆபீஸ்காரர் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கிளப்புவது வேலை. அவருடைய இங்கிலீஷ் அந்த வாண்டுகளைத் திட்டித் திட்டியே வந்தது. அதனாலேயே சரளமாக இருந்தது. அந்தக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர, பள்ளியை இழுத்து மூடிவிட்டார்கள். எழுபத்திரண்டாம் வருஷம், மந்தைவெளியில் தம்பி லூயிஸ் வீட்டு முன்னறையில் சின்னதாக ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார் மர்சலின்.

மயிலாப்பூர் ஜவுளிக்கடை பொன்ராஜ், மகள் முத்துலட்சுமியைச் சேர்க்க வந்தார். பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கோட்டு எங்க டீச்சர்? ஊட்டிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கோட்டு போட்டுல்லா போகுது?"

"அது குளிருக்கு அண்ணாச்சி. இங்க வெயில் மண்டையப் பொளக்குதே!"

"கோட்டு இல்லன்னா எம்பிள்ள வேண்டாம்."

அவர் போனால் மற்ற கடைக்காரர்களும் பின்னாலேயே போவார்கள். அப்புறம் தம்பி கையை எதிர்பார்த்து உட்கார வேண்டியதுதான். மர்சலின் சரி என்றார். கோட்டுத் துணிக்கு, தன் கடையில் விலைபோகாமல் கிடந்த நீலக் கம்பளியைப் பெரிய மனது பண்ணித் தள்ளிவிட்டார் பொன்ராஜ்.

பிள்ளைகள் கோட்டோடு வருவார்கள். கதவைச் சாத்தியதும் அத்தனை கோட்டும் ஆணிக்குப் போய்விடும். சாயந்திரம் மறுபடி மாட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள். திருட்டுத்தனம் ஜோராக நடந்தது.

ஒருநாள் பொன்ராஜ், பாத்திரக்கடை கனகராஜுக்குப் பள்ளிக்கூடத்தைக் காட்டக் கூட்டிவந்தார். அவரை வாசலில் நிறுத்திவிட்டு, தான் மட்டும் உள்ளே நுழைந்தார். மரியாதைக்காகப் பொன்ராஜும் வேட்டிக்கு மேல் அதே கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். கோட்டில்லாத பிள்ளைகளைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை, மயக்கம்தான் வந்தது.

மர்சலின் அவர் கோட்டைக் கழற்றி, மோர் கொடுத்து விசிறினார். கண் திறந்த பொன்ராஜ் முன்னால் முத்துலட்சுமி நின்று, மூச்சு விடாமல் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினாள். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிள்ளையக் கூட்டிக்கினு போயிடுவீங்களா அண்ணாச்சி?" மர்சலின் விசிறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எதுக்கு? நல்லாத்தான படிக்கா! அந்தக் கோட்ட மட்டும் குடுங்க. வெளிய கனகராஜ் நிக்கான்."

வெளியே வந்தவரைக் கனகராஜ் ஏற இறங்கப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, முகமெல்லாம் வெளிறிக் கெடக்கு?"

பொன்ராஜ் கழுத்துப் பித்தானையும் போட்டுக்கொண்டார். "உள்ள ஊட்டிக் குளிரு வே! நமக்குத் தாங்கல."

மறுநாள் காலை மர்சலின் கதவைத் திறந்தபோது, கனகராஜின் மகன் கோட்டுக்கு மேல் மப்ளரும் சுற்றி, பள்ளியில் சேர வந்து நின்றான்.