சவுக்குத் தோப்பு யார் பேரில்?

2005-ம் வருடம், சித்திரை மாதம். மரக்காணத்தில் இருந்தோம். எனக்கும் கணவருக்கும் விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. "உப்பளத்தில் நஷ்டம், சவுக்குத் தோப்பையும் விற்றாகிவிட்டது, கையில் சல்லிக்காசு இல்லை" என்று கோர்ட்டில் கைவிரித்துவிட்டார் மனிதர். ப்ளஸ் டூ முடித்த மகளை நர்சிங்கில் சேர்க்க வேண்டும். நானோ தையல் மெஷினை நம்பிப் பிழைப்பவள்.

தோப்பு யாரிடம் போனது என்று வக்கீல் வில்லங்கம் போட்டுப் பார்த்தார். வாங்கியவர் இடத்தில் ஒரு பெண்ணின் பெயர். விசாரித்தால், எங்கள் உப்பளத்திலேயே உப்பு வாருகிறவள். புருஷனை இழந்தவள். கூலிக்காரிக்கு ஏது தோப்பு வாங்கப் பணம்? எனக்குப் புத்தி வேறு மாதிரிதான் போனது. மறுநாள் காலையிலேயே உப்பளத்துக்குப் போய்விட்டேன்.

வரப்பில் உப்புக்கூடையோடு வந்துகொண்டிருந்தாள். இருபது பேர் முன்னால் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "தோப்ப எழுதிக் குடுக்கற அளவுக்கு என் புருஷனுக்கு என்னாடி செஞ்ச?" என்று ஆரம்பித்து நான் பேசிய மீதியை எழுதக் கூசுகிறது.

அவள் நிதானமாகக் கூடையை இறக்கினாள். "என் பேர்லயா இருக்குது? அதான் விதவை பென்ஷன் இல்லன்னுட்டாங்களா? நெலம் இருக்கறவளுக்கு எதுக்கு பென்ஷன்னு கேட்டாங்க. வேற யாரையோ சொல்றாங்கன்னு நெனச்சேம்மா."

முந்தின வருடம், சாட்சிக் கைநாட்டு என்று சொல்லி என் கணவர் அவளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். முதலாளி கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்? போட்டோ எடுத்தார்கள், விரல் உருட்டினாள், டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டாள். வழக்கு முடிந்ததும் இன்னொரு கைநாட்டில் திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

"பத்திரப்படி தோப்பு அந்தம்மாவோடதுங்க. அவங்க என்னுதுதான்னு நின்னுட்டா நமக்குக் கஷ்டம்" என்றார் வக்கீல். அப்படிப் பேசிவிட்டு எந்த முகத்தோடு அவளைச் சாட்சிக்குக் கூப்பிடுவது?

கூப்பிடவே தேவைப்படவில்லை. வாய்தா தேதியை ஆள் விட்டுக் கேட்டு, தானாகவே பஸ் ஏறிக் கோர்ட்டுக்கு வந்து நின்றாள். "நான் பத்து பைசா குடுக்கலைங்க ஐயா. அது என்னுது இல்ல" என்றாள், அவ்வளவுதான். இரண்டு ஏக்கர் தோப்பு. கமுக்கமாக இருந்திருந்தால் யார் கேட்பது?

தோப்பு என் மகள் பேருக்கு வந்தது. அதை வைத்து அவளை நர்சிங்கில் சேர்த்தேன். சாட்சி சொன்ன மறுநாளே அந்தப் பெண்ணுக்கு வேலை போயிருந்தது. நான் தேடிப் போவதற்குள் வேறொரு உப்பளத்தில் சேர்ந்திருந்தாள். புடவையும் பழமும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தொடக்கூட இல்லை.

"இதெல்லாம் வேணாம்மா. அன்னிக்கு அத்தினி பேர் முன்னாடி பேசுனீங்க இல்ல? அதே எடத்துல வந்து, அது பொய்னு சொல்லிடுங்க. எனக்கும் வயசுப் பொண்ணு இருக்குது."

மறுநாள் காலையிலேயே அவளோடு போனேன். அதே வரப்பு, அதே ஆட்கள். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் சொன்னது அத்தனையும் பொய், தப்பு என்மேல்தான் என்று கைகூப்பிச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தன் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

இன்று நர்ஸாக இருக்கும் என் மகளின் சம்பளத்தில் சாப்பிடுகிறேன். என் வீட்டு அடுப்பு எரிய வழி செய்தவள் பதிலுக்குக் கேட்டது அந்த ஒன்றுதான், அதையும் அவளாகக் கேட்ட பிறகுதான் கொடுத்தேன் என்று நினைக்கும்போதெல்லாம் என் கை தானாகவே கூப்பிக்கொள்கிறது.