புத்தாண்டு முதல் நாளில் எதிர்வீட்டுத் தண்ணீர்

இரண்டு வருடங்களுக்கு முன், சீனப் புத்தாண்டின் முதல் நாள் காலை. சிங்கப்பூரின் பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நான் மட்டும் இருந்தேன். மாசமாக இருந்த என் மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறி, மருத்துவமனையில் முழு ஓய்வில் வைத்திருந்தார்கள். மனக்கவலையே கூடாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல், மாலையில் வீடியோ காலில் தன் மீன் தொட்டியைப் பார்ப்பது. மீசையால் மணலைத் துழாவித் திரியும் குட்டிக் கெளுத்திகள் அவை. என் முகத்தைவிட அவற்றைத்தான் அதிக நேரம் பார்ப்பாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

வாரம் ஒருமுறை குச்சியால் மணலை லேசாகக் கிளறிவிடச் சொல்லியிருந்தாள். சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு வேலை, அது முடிந்தால் மருத்துவமனை என்று ஓடியதில் அது சுத்தமாக மறந்துவிட்டது. அன்றைக்கு விடுமுறை. தொட்டியைப் பளிச்சென்று ஆக்கி மாலையில் அவளை அசத்திவிடலாம் என்று முழங்கை வரை கையைவிட்டு, அரிசி களைவதுபோல மணலை அடியோடு புரட்டினேன். சமையலறையில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

அடி மணல் கன்னங்கரேல் என்றிருந்தது. குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின, கூடவே அழுகிய முட்டை நாற்றம். அடியிலேயே கிடக்கும் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தேவிட்டது. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் மருந்தே மீன்களைக் கொன்றுவிடும். அதை முறிக்கும் பாட்டிலோ காலி. புத்தாண்டன்று எந்த மீன் கடை திறந்திருக்கும்? மாலையில் அவளுக்கு எதைக் காட்டுவேன்?

எதிர்வீட்டுச் சீனர் வீட்டிலும் ஒரு பெரிய தொட்டி உண்டு. அதுவரை தலையாட்டிக்கொண்டதோடு சரி, பேசியதில்லை. ஈரக் கையோடு போய் நின்றேன். புதுச் சிவப்புச் சட்டையில் விருந்தினருக்காகக் காத்திருந்தவர், எங்கள் வீட்டுக்குள் வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"மணலை ரொம்ப நாள் கிளறலையா? அடியில விஷக் காத்து சேர்ந்துடுச்சு. பயப்படாத லா. வாளி இருக்கா?" என்றார் 'லா' சேர்த்த சிங்கப்பூர் ஆங்கிலத்தில்.

தன் தொட்டியிலிருந்தே தண்ணீரை மொண்டு மொண்டு எடுத்து வந்தார். அவர் மனைவி வாசலில் நின்று சீனத்தில் ஏதோ தயங்கித் தயங்கிச் சொன்னார். இவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே இன்னொரு வாளியோடு வந்துவிட்டார். மீன்களை ஒவ்வொன்றாக வலையில் அள்ளி வாளிக்கு மாற்றி, காற்றுக் குழாயைப் போட்டோம். ஆரஞ்சுப் பழங்களோடு வந்த அவருடைய சொந்தக்காரர்கள் நடைபாதையிலேயே நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிவப்புச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

ஒரு மீன் போய்விட்டது. மற்றவை எல்லாம் பிழைத்தன.

மாலையில் மனைவியிடம் எதையும் மறைக்கவில்லை. கொஞ்சம் அழுதாள். பிறகு, "அந்த அங்கிளைக் காட்டுங்க" என்றாள். போனை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

"மீன் எல்லாம் ஓகே லா. நீ பேபியைப் பாரு" என்று அவர் கையசைத்தார். அவருக்குப் பின்னால், அவருடைய தொட்டியில் பாதிக்குத்தான் தண்ணீர் இருந்தது.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போனபோது, உடன் வேலை செய்யும் சீன நண்பர் கதையைக் கேட்டு, "முதல் நாளிலா?" என்றார். அவர்கள் வீடுகளில் முதல் நாள் பெருக்க மாட்டார்களாம், வீட்டுத் தண்ணீரை வெளியே விட மாட்டார்களாம். அந்த வருடத்து அதிர்ஷ்டம் அதோடு போய்விடும் என்று நம்பிக்கை. அந்த அம்மா எதற்குத் தயங்கினார் என்பது அப்போதுதான் புரிந்தது. தேக்கா கடைத்தெருவில் இனிப்பு வாங்கிக்கொண்டு எதிர்வீட்டுக்காரரிடம் போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மீன் சாகுது, அப்ப போய் நாள் பார்க்கறதா?" என்று சிரித்தார்.

எங்கள் மகள் நல்லபடியாகப் பிறந்து, இப்போது அவள் அம்மாவின் மீன் தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம், தன் வீட்டு அதிர்ஷ்டத்தில் பாதியை வாளியில் மொண்டு வந்து எங்களுக்கு ஊற்றிய அந்த மனிதரை மனதாரக் கும்பிட்டுக்கொள்கிறேன்.